லேசர் பிரிண்டருக்குள் ‘எஞ்சின்’ எது?

பேப்பர் இழுக்காத ஹெச்.பி. 1020 பிரிண்டர் ஒன்றைப் பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். கடைக்காரர் ஓரமாகக் கிடக்கும் ஒரு கேனான் 2900-ஐத் திறந்து, அதிலிருந்து பிக்கப் ரோலரைக் கழற்றி நம்முடையதில் மாட்டுகிறார். “அண்ணே, அது வேற கம்பெனி ஆச்சே?” என்று கேட்டால், “பேருதான் வேற சார், எஞ்சின் ஒண்ணுதான். உட்காரும்” என்கிறார். உட்காருகிறது. பேப்பரும் இழுக்கிறது.

அவர் சொன்ன ‘எஞ்சின்’தான் இன்றைய சொல். ரயிலை இழுப்பது எஞ்சின், பைக்கில் சூடாவது எஞ்சின் என்று பழகிய காதுக்கு, பிரிண்டருக்குள் இருக்கும் மோட்டாரைச் சொல்கிறார் போல என்று தோன்றும். அது இல்லை.

லேசர் பிரிண்டர் என்பது ஒரு பெட்டிக்குள் இரண்டு ஆள். ஒருவர், கம்ப்யூட்டர் அனுப்புவதை வாங்கிப் படித்து, முழுப் பக்கத்தையும் புள்ளி புள்ளியாகக் கட்டிவைக்கும் சுற்றுப்பலகை. ஃபார்மேட்டர் என்பது அதன் பெயர். நம் ஊர்க் கடைகளில் ‘லாஜிக் கார்டு’. மற்றவர், அந்தப் புள்ளிகளைத் தாளில் இறக்குபவர்: லேசர், அதைத் திருப்பிவிடும் சுழல் கண்ணாடி, தாளை இழுக்கும் உருளைகள், டிரம் என்னும் உருளையில் இருந்து மைத்தூளைத் தாளுக்கு மாற்றும் இன்னோர் உருளை, தூளை உருக்கி ஒட்டும் ஃபியூசர், எல்லாவற்றையும் தாளம் தப்பாமல் ஓட்டும் பல்சக்கரங்கள். இந்த இரண்டாம் ஆளுக்கு மொத்தமாக வைத்த பெயர்தான் எஞ்சின். அதற்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. இந்தப் புள்ளி கறுப்பா, வெள்ளையா என்பது மட்டும் தெரியும்.

இப்படிப் பிரித்துப் பேசும் வழக்கம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சினைச் செய்தது ஒரு கம்பெனி, பலகையைச் செய்தது வேறு கம்பெனி. 1984-இல் வந்த ஹெச்.பி.யின் முதல் லேசர்ஜெட்டின் விலை 3,495 டாலர். மறு ஆண்டு வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர் 6,995 டாலர். இரண்டுக்குள்ளும் இருந்தது கேனானின் அதே சி.எக்ஸ். எஞ்சின், நிமிடத்துக்கு 8 பக்கம், அங்குலத்துக்கு 300 புள்ளி. அப்படியானால் விலை இரண்டு மடங்கானது எப்படி? பெரும்பாலும் பலகையால். முதல் லேசர்ஜெட்டில் 128 கிலோபைட் நினைவகம்தான். லேசர்ரைட்டரிலோ 1.5 மெகாபைட், கூடவே பக்கத்தில் எது எங்கே வரவேண்டும் என்று விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியைப் புரிந்துகொள்ள 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டரோலா 68000 சில்லு. அதோடு இணைத்திருந்த ஆப்பிளின் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரே 8 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் ஓடியது. எஜமானைவிட வேலைக்காரனுக்கு மூளை அதிகம்.

அடுத்து வந்த எஸ்.எக்ஸ். எஞ்சினில்தான் பாகம் மாற்றும் விளையாட்டு சூடுபிடித்தது. 1987-இன் லேசர்ஜெட் சீரிஸ் 2, 1990-இன் லேசர்ஜெட் 3, இடையில் 1988-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் 2 வரிசை எல்லாமே எஸ்.எக்ஸ். ஹெச்.பி. 95ஏ என்று விற்ற மைத்தூள் கார்ட்ரிட்ஜும் கேனான் ஈ.பி.-எஸ் என்று விற்றதும் ஒரே அச்சு. எதை வாங்கினாலும் எதிலும் போகும்.

லேசர்ரைட்டர் 2 இதில் ஒரு படி மேலே போனது. எஸ்.சி., என்.டி., என்.டி.எக்ஸ். என்று மூன்று மாடல். பெட்டி ஒன்று, எஞ்சின் ஒன்று, பலகை மட்டும் வேறு. எஸ்.சி.யில் 1 மெகாபைட், போஸ்ட்ஸ்கிரிப்ட் கிடையாது. என்.டி.யில் 2 மெகாபைட்டும் போஸ்ட்ஸ்கிரிப்டும். என்.டி.எக்ஸில் இன்னும் வேகமான 68020 சில்லு. பின்புறத் திருகுகளைக் கழற்றினால், அடுப்பில் இருந்து தட்டை உருவுவதுபோலப் பலகை முழுசாக வெளியே வரும். அதே இடத்தில் மேல் மாடலின் பலகையைச் செருகினால், நேற்றுவரை எஸ்.சி.யாக இருந்தது இன்று என்.டி.எக்ஸ். 1991-இல் வந்த 2எஃப், 2ஜி பலகைகளும் அந்தப் பழைய உடம்பிலேயே உட்கார்ந்தன. அப்கிரேடு என்றால் அதுதான். இன்றைய மலிவு பிரிண்டரில் அப்படி உருவ ஒன்றும் இல்லை. 1020-இல் 2 மெகாபைட் நினைவகம், கூட்டவும் முடியாது.

நினைவகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு மனக்கணக்கு. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளியில் நிரப்பினால் அகலத்தில் 2,480, நீளத்தில் 3,508. பெருக்கினால் சுமார் 87 லட்சம் புள்ளி. புள்ளிக்கு ஒரு பிட் என்றால் ஒரு மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். சீரிஸ் 2 வந்ததோ 512 கிலோபைட்டோடு. எழுத்து மட்டும் என்றால் சமாளிக்கும், பக்கம் நிறைய படம் என்றால் பாதியிலேயே மூச்சு வாங்கும். அதனால்தான் நினைவகப் பலகை வாங்கிச் செருகினார்கள். 1992-இன் லேசர்ஜெட் 4 அங்குலத்துக்கு 600 புள்ளிக்குப் போனபோது இதே கணக்கு நான்கு மடங்கானது. அது கேனானின் ஈ.எக்ஸ். எஞ்சின் வேறு, 95ஏ அதற்குள் போகாது.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘இன்ஜெனியம்’ என்றால் பிறவியிலேயே அமைந்த அறிவு, சாமர்த்தியம். அது பழைய பிரெஞ்சில் ‘ஆங்ஜான்’ ஆனபோது சாமர்த்தியத்தோடு சூழ்ச்சி, கண்ணி, கோட்டையைத் தாக்கும் போர்க்கருவி என்றெல்லாம் விரிந்தது. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது அங்கிருந்துதான். எஞ்சினியர் என்றால் முதலில் போர்க்கருவி செய்பவர். விலங்கு பிடிக்கும் கண்ணிக்கும், 1793-இல் எலி விட்னி செய்த பஞ்சு பிரிக்கும் கருவிக்கும் ஆங்கிலத்தில் ‘ஜின்’ என்று பெயர் வந்தது எஞ்சினின் வால் அறுந்து விழுந்துதான். நீராவி, பெட்ரோல் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. ஆகவே பிரிண்டருக்குள் அச்சிடும் அமைப்பை எஞ்சின் என்பது சொல்லை இழுத்து நீட்டியது அல்ல; பழைய பொருளுக்கே திரும்பியது.

இங்கேதான் தமிழ் கண்ணடிக்கிறது. ‘பொறி’ என்ற நம் சொல்லும் கிட்டத்தட்ட அதே தெருவில் நடந்திருக்கிறது. எலிப்பொறி என்றால் கண்ணி. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலில் இருந்த காவல் கருவிகளின் பட்டியலில் ‘வளைவிற்பொறி’ வருகிறது; தானே வளைந்து அம்பு எய்யும் வில். சீவக சிந்தாமணியில் விசயை தப்பிச் செல்வது மயிற்பொறியில், அதாவது மயில் வடிவப் பறக்கும் எந்திரத்தில். கண்ணி, போர்க்கருவி, எந்திரம். பிறவி அறிவு என்ற ஓரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை: ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்ற குறளில் பொறி என்பது கண், காது முதலான ஐந்து புலனுறுப்பு. கன்னத்தில் ஓர் அறை விழுந்தால் “பொறி கலங்கிடுச்சு” என்கிறோமே, அதுவும்தான். இரண்டு சொல்லுக்கும் உறவு ஒன்றும் கிடையாது, ஒரே மாதிரி வளர்ந்த அண்டை வீட்டுப் பிள்ளைகள்.

ஆங்கிலத்துக்குக் கிடைக்காத இன்னொன்றும் தமிழுக்கு இருக்கிறது. ‘பொறித்தல்’ என்றால் பதித்தல். கல்லில் பெயர் பொறிப்பது, சோழர் முத்திரையில் புலிப்பொறி. ஒரே சொல்லில் கருவியும் உண்டு, அது விட்டுச்செல்லும் தடமும் உண்டு. பிரிண்டருக்கு ‘அச்சுப்பொறி’ என்று பெயர் வைத்தவர் இதை நினைத்து வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா, எப்படியோ நன்றாக அமைந்துவிட்டது. (எழுதும்போது றகரம் முக்கியம். ‘பொரி’ வேறு; ஆயுத பூஜை அன்று பொறிக்குப் படைப்பது பொரி.)

ஒரு சிக்கல். முழுப் பெட்டிக்கும் அச்சுப்பொறி என்று பெயர் போய்விட்ட பிறகு, உள்ளே இருக்கும் எஞ்சினை என்னவென்று சொல்வது? ‘அச்சு இயந்திரம்’ என்றால் படிப்பவர் பெரிய பிரஸ்ஸை நினைப்பார். ‘உந்துபொறி’ வண்டிக்குத்தான் சரி, இங்கே எதையும் உந்தவில்லை. ‘உட்பொறி’ என்பது என் தேர்வு. தேடுபொறி ஏற்கெனவே ஊரறிந்த சொல், அதில் எஞ்சினுக்குப் பொறி என்றாகிவிட்டது. இது அதன் தம்பி. ஃபார்மேட்டருக்கு ‘வடிவூட்டி’ என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் ஈய எழுத்து அடுக்கிய காலத்து அச்சகத்தில் ‘பக்கம் கட்டுவது’ என்று ஒரு வேலையே இருந்தது. இந்தப் பலகை செய்வதும் அதைத்தான். ‘பக்கங்கட்டி’ என்றால் என்ன கெட்டுப்போகும்? கடையில் போய் லாஜிக் கார்டு என்றே கேளுங்கள், அது வேறு.

பெயர் பிரிந்துவிட்டால் எந்தப் பாகம் எதில் போகும் என்ற குழப்பமும் பாதி தீரும். உருளை, ஃபியூசர், தட்டு, கார்ட்ரிட்ஜ் எல்லாம் உட்பொறியின் சொந்தங்கள். உட்பொறி ஒன்றா என்று பார்க்க வேண்டும். லேசர்ஜெட் 4000-இன் இருபக்க அச்சுப் பெட்டியும் கூடுதல் தட்டும் 4050-இல் அப்படியே பொருந்தும். 4100 பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் அதற்கு வேறு. நெட்வொர்க் கார்டு பக்கங்கட்டியின் சொந்தம். துளை ஒத்துப்போனால் போதும், அதனால் 4000-இன் கார்டு 4100-இலும் வேலை செய்யும். 1020-க்கும் 2900-க்கும் உருளை ஒன்றாக இருந்தும் டிரைவர் வேறாக இருப்பதற்கும் காரணம் இதுவே. பக்கங்கட்டிகள் பேசும் மொழி வேறு.

எஞ்சின் ஒன்றாகவே இருந்தும் பொறியில் மாட்டிய கதை ஒன்று எனக்கு உண்டு. ஒரு 4050-க்காக, வெளிநாட்டில் இருந்து இறங்கிய பழைய பிரிண்டரின் ஃபியூசரை வாங்கினேன். திருகு, இணைப்பு எல்லாம் கச்சிதம். சுவிட்ச் போட்ட சில நொடியில் திரையில் ‘50 ஃபியூசர் எரர்’, கூடவே லேசான தீய்ந்த வாடை. அது 110 வோல்ட் ஃபியூசர். நம் மின்சாரம் அதற்கு இரண்டு மடங்கு; அழுத்தம் இரண்டு மடங்கானால் சூடேற்றும் கம்பி இழுக்கும் சக்தி நான்கு மடங்கு. கழற்றிப் பார்த்தால் பக்கவாட்டு ஸ்டிக்கரில் வோல்ட் எண் அச்சடித்தே இருந்தது. தூசி மேல் தூசி, துடைத்தபிறகுதான் கண்ணில் பட்டது.