வரைகலை அமைப்பாளர் யார்?

ஆசிரியர் பயிற்சிக் கையேடு ஒன்றில் இப்படி ஒரு வரி: 'புதிய சொற்களைக் கற்பிக்குமுன் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரைகலை அமைப்பாளரை வழங்கவும்.' வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது ஆட்களுக்கு எங்கே போவது? இரண்டு பக்கம் தள்ளி, 'அமைப்பாளரை நிரப்பியபின் சுவரில் ஒட்டவும்' என்று வேறு. முதல் முறை சிரித்தேன். அப்புறம் பாடக்குறிப்பு, காணொளி, செயலி என்று போகிற இடமெல்லாம் அதே அமைப்பாளர் எதிரே வந்து நின்றதும் சிரிப்பு போய்விட்டது.

அவர்கள் சொல்ல வந்தது கிராஃபிக் ஆர்கனைசர். கட்டம், வட்டம், கிளை, அம்புக்குறி வரைந்த ஒரு தாள், அவ்வளவுதான். எழுத வேண்டியதை எங்கே எழுதுவது, எது எதோடு சேரும் என்று இடம் பிரித்துக் காட்டும். முதல் பாதிக்குக் கிரேக்கத்தில் 'எழுது, கீறு' என்று பொருள். இரண்டாம் பாதியின் வேர் 'ஆர்கனான்', அதாவது கருவி. கல்வித்துறைக்கு ஆர்கனைசரைக் கொண்டுவந்தவர் உளவியலாளர் டேவிட் ஆசுபெல். 1960இல் அவர் எழுதிய 'அட்வான்ஸ் ஆர்கனைசர்' படமே அல்ல. பாடத்துக்கு முன்னால் படிக்கத் தரும் உரைநடைப் பகுதி. 1969இல் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் பாரன் பாடத்தின் கலைச்சொற்களையே கிளைபிரித்து வரைந்து காட்டலாம் என்றார். படம் அதன்பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

வேரே கருவி என்று சொல்லும்போது, தமிழில் அது எப்படி ஆளாக மாறியது? '-ஆளர்' விகுதிதான் காரணம். எழுத்தாளர், பேச்சாளர், தொழிலாளர் எல்லாரும் மனிதர்கள். விழா அமைப்பாளர் என்றால் மேடையில் மாலை போடுகிறவர். கருவிக்கென்று தமிழில் தனி வழி இருக்கிறது: மண்வெட்டி, கணினி, வெப்பமானி, அழிப்பான். மண்வெட்டியை யாராவது மண்வெட்டாளர் என்பார்களா?

இதைச் சொன்னால் ஒரு சாரார் உடனே 'சரி, வரைகலை ஒழுங்கமைப்பான்' என்று திருத்துகிறார்கள். ஆள் கருவியாகிவிட்டார், நல்லது. ஆனால் எனக்கு இதுவும் ஒப்பவில்லை. அழிப்பான் அழிக்கிறது, வடிப்பான் வடிக்கிறது. இந்தத் தாள் எதையும் ஒழுங்கமைப்பதில்லை. அந்த வேலையைச் செய்கிறவர் மாணவர். தாள் வெறுமனே இடம் தருகிறது. 'வரைகலை' அதைவிட மோசம். கணினி வரைகலைக்கு அது பொருத்தமான சொல். நான்கு கட்டம் போடுவதில் என்ன கலை? அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஓவியம் வராத ஆசிரியர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள், வண்ணப் பென்சில் வாங்க வேண்டுமோ என்று.

சொல்லாக்கம் செய்கிறவர்கள் ஒரு முறையாவது இந்தத் தாளை நிரப்பிப் பார்க்க வேண்டும். கல்வி ஆய்வாளர் டொரத்தி ஃப்ரேயரின் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் 1969தான். நடுவில் சொல். சுற்றி நான்கு கட்டம்: வரையறை, பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு அல்லாதது. நடுவில் 'பூச்சி' என்று எழுதுவோம். ஆறு கால், மூன்று பகுதியான உடல். எடுத்துக்காட்டில் பட்டாம்பூச்சி, கரப்பான்பூச்சி, எறும்பு. நான்காவது கட்டத்தில்தான் வேடிக்கை. தமிழில் சிலந்திக்கு எட்டுக்கால் பூச்சி என்றே பெயர், ஆனால் அறிவியலில் அது பூச்சி அல்ல. பெயரில் பூச்சி இல்லாத எறும்பு உள்ளே, பெயரிலேயே பூச்சி இருக்கும் சிலந்தி வெளியே! வரையறையைப் பத்து முறை ஒப்பித்தாலும் வராத தெளிவு இந்த ஒரு கட்டத்தில் வந்துவிடும். கிளைப்படத்தில் 'நட' என்று எழுதி நடை, நடத்தை, நடப்பு, நடைமுறை என்று பிரித்துக்கொண்டு போவதும் இப்படித்தான். கிளைகளை நான் வரைந்து கொடுத்துவிடலாம். எந்தக் கிளையில் எது உட்காரும் என்று யோசிப்பது குழந்தையின் பாடு.

ஆக, உள்ளே ஒன்றைப் பொருத்துவதற்கு வெளியே இருக்கும் உருவம் இது. அதற்குத் தமிழில் சட்டகம் என்ற சொல் உண்டு. பொதுவாகக் கருத்துச் சட்டகம், சொல் கற்பிக்கும்போது சொற்சட்டகம் என்பது என் தேர்வு. 'சட்டகத்தை நிரப்பு' என்றால் யாரும் திகைக்க மாட்டார்கள். பழைய அகராதிகளில் சட்டகத்துக்கு உடல் என்றும் பொருள் இருக்கிறதே என்று ஒரு நண்பர் மடக்கினார். இருக்கட்டுமே, உயிரை உள்ளே வைக்கும் உருவம்தானே அது. 'வரைபடம்' போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது நிலப்படத்தையும் விளக்கப்படத்தையும் ஏற்கெனவே சுமக்கிறது. தவிர, வரைபடம் முடிந்துபோன பொருள். இது காலியாகத் தொடங்குவது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள சண்டையும் இதுதான். அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து, ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்தால் தமிழிலும் இரண்டாக அடுக்கிவிடுகிறார்கள். பொருளைப் பார்ப்பதே இல்லை. வகுப்பறையிலோ எந்த ஆசிரியரும் வாய்திறந்து 'வரைகலை அமைப்பாளர்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'கட்டம் போட்டுக்கோங்க' என்கிறார்கள். அவர்கள் சொல்லும் கட்டத்துக்கும் நான் கேட்கும் சட்டகத்துக்கும் தூரம் அதிகமில்லை. கையேட்டில் இருப்பவர்தான் எங்கிருந்தோ வந்தவர்.