நன்கொடைக்காக ஓடுகிறவர்களே, பாதியில் நிற்கவும் தயாராக வாருங்கள்

மாரத்தான் ஓட்டத்தின் முப்பத்தாறாவது கிலோமீட்டரில் இருந்த எங்கள் மருத்துவக் கூடாரத்துக்கு அவரை இரண்டு தன்னார்வலர்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை, ஜனவரி மாதம், காலை எட்டரை மணி. செங்கல் சூளைப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் நிதி திரட்ட ஓடுவதாக பனியனில் அச்சடித்திருந்தார். "ஒண்ணுமில்ல டாக்டர், லேசா தலை சுத்துது. இன்னும் ஆறு கிலோமீட்டர்தான், விட்டுடுங்க" என்றார். அதையே மூன்று தடவை சொன்னார். கையைப் பிடித்துப் பார்த்தேன். கல்யாண மோதிரம் விரலில் புதைந்து கிடந்தது. வாட்ச் பட்டைக்கு இருபுறமும் சதை உப்பியிருந்தது. கூட வந்தவர், "தண்ணி பத்தல சார், ஒரு டிரிப்ஸ் போட்டு விடுங்க" என்றார்.

தண்ணீர் அவருக்குக் குறையவில்லை, கூடிவிட்டிருந்தது. வழியில் இருந்த ஒரு தண்ணீர்ப் பந்தலையும் விடாமல், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடித்துக்கொண்டே வந்திருக்கிறார். குடித்த தண்ணீரில் ரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய், சோடியம் 124க்கு இறங்கியிருந்தது. குறைந்தது 135 இருக்க வேண்டும். இந்த நிலையில் சாதாரண டிரிப்ஸ் ஏற்றினால் சோடியம் இன்னும் இறங்கி, மூளை வீங்கி, வலிப்பு வரலாம். மூன்று சதவீத உப்புக் கரைசல் 100 மில்லி ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோய் இல்லை. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள், ஓட்டத்தின்போது தண்ணீர் குடித்து எடை கூடியவர்கள் ஆகியோரிடம்தான் இது அதிகம். நல்ல காரியத்துக்காக முதல்முறையாக ஓட வருகிறவர்களில் பெரும்பாலானோர் மெதுவாக ஓடுகிறவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தாகம் எடுத்தால் குடியுங்கள், அது போதும்.

ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என் மனதை விட்டுப் போகவே இல்லை: "ஓட்டத்த முடிக்கலையே, வாங்கின பணத்தைத் திருப்பித் தரணுமா டாக்டர்?"

முப்பதாவது கிலோமீட்டரிலேயே குமட்டல் வந்திருக்கிறது. பணம் கொடுத்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, நிற்காமல் வந்திருக்கிறார். தனக்காக ஓடுகிறவர் முடியவில்லை என்றால் நின்றுவிடுவார். அடுத்தவர் வயிற்றுக்காக ஓடுகிறவருக்குக் கால் நிற்பதில்லை. அந்த மனசு பெரிய மனசு. 1981இல் தொடங்கிய லண்டன் மாரத்தான் இதுவரை நூறு கோடி பவுண்டுக்கு மேல் தொண்டுக்குத் திரட்டியிருப்பதும், 2004 முதல் நடக்கும் மும்பை மாரத்தான் ஆண்டுதோறும் எத்தனையோ தொண்டு நிறுவனங்களுக்குக் கைகொடுப்பதும் இப்படிப்பட்டவர்களால்தான். ஆனால் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை அமுக்கிவிடுவதும் அதே மனசுதான்.

அதனால் என்னிடம் உடற்தகுதிச் சான்று கேட்டு வருகிறவர்களிடம், ஈசிஜி பார்ப்பதற்கு முன்பே, நன்கொடை கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டச் சொல்கிறேன். "நான் ஓடி முடித்தாலும் முடிக்காவிட்டாலும் உங்கள் பணம் அந்தப் பிள்ளைகளுக்கே போகும்" என்ற ஒரு வரி அதில் இருக்க வேண்டும். பணம் உங்கள் கைக்கு வராமல் நேரே அறக்கட்டளையின் கணக்குக்கே போகட்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். நாற்பத்திரண்டுதான் ஓட வேண்டும் என்பதும் இல்லை. பத்து கிலோமீட்டர் ஓடிக் கேட்டாலும், கொடுக்கிறவர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள்.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்திருந்தால் ஓடக் கூடாது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கிவிட்டுப் போகும். அது வெளியே தெரியாது. குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். முழங்கால் வலிக்கு முன்னெச்சரிக்கை என்று காலையில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். வியர்த்துக் கொட்டும் நேரத்தில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

எங்கள் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வை உலர்வதில்லை, உடம்பு சூடு இறங்குவதில்லை. கூட ஓடுகிறவர் சம்பந்தமில்லாமல் பேசினால், எரிந்து விழுந்தால், தள்ளாடினால், அது வெப்ப வாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். மருத்துவக் குழுவைக் கூப்பிட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் ஐஸ் தண்ணீரில் உடம்பைக் குளிர வையுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆஸ்பத்திரி. அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்ப வாதம் வந்த 274 பேரை அங்கேயே ஐஸ் தொட்டியில் இறக்கினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. உங்கள் போட்டியில் அப்படித் தொட்டி இருக்கிறதா என்று பெயர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

இன்னொன்று. பனியனில் குத்திக்கொள்ளும் பிப் எண் அட்டையின் பின்பக்கம் உங்கள் பெயர், வீட்டில் எடுக்கக்கூடிய ஒரு ஃபோன் எண், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா மை ஐந்தாவது கிலோமீட்டரிலேயே வியர்வையில் கரைந்துவிடுகிறது.