சமூக அறிவியலுக்குள் இருக்கும் கணக்கு

"சோஷியல் தானே டீச்சர், படிச்சா வந்துடும். கணக்குக்குத்தான் டியூஷன் போட்டிருக்கோம்." சமூக அறிவியல் ஆசிரியையான என்னிடம் பெற்றோர்கள் அடிக்கடி சொல்வது இது. அவர்கள் 'படிச்சா' என்று சொல்வது பெரும்பாலும் மனப்பாடத்தைத்தான். சமூக அறிவியலில் தொண்ணூறு வாங்கும் பிள்ளை, பாடத்திலுள்ள எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமலே பரீட்சை எழுதிவிடுகிறது. கணிதத்தில் இருக்கும் பலவீனம் இங்கே யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆண்டுகளையே எடுத்துக்கொள்வோம். அசோகர் ஆட்சிக்கு வந்தது கி.மு. 268, மறைந்தது கி.மு. 232. "எது முன்னாடி நடந்தது?" என்று கேட்டால், சின்ன எண் என்பதால் 232 என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. கலிங்கப் போர் கி.மு. 261 என்று கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்புகிற அதே பிள்ளைகள்தான். அவர்களுக்கு ஒரு கோடு வரைந்து காட்ட வேண்டும். கணித வகுப்பில் குறை எண்களுக்கு வரைகிற அதே எண்கோடுதான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு: ஆண்டுக் கணக்கில் பூஜ்ஜியம் கிடையாது. கி.மு. 1 முடிந்ததும் கி.பி. 1 வந்துவிடுகிறது. நூற்றாண்டிலும் இதே தடுமாற்றம்தான். ராஜராஜன் ஆட்சி 985 முதல் 1014 வரை. தஞ்சைப் பெரிய கோயில் பணி நிறைவடைந்த 1010 எந்த நூற்றாண்டு என்று கேட்டால் 'பத்து' என்றுதான் முதலில் பதில் வரும். 1001-இலேயே பதினோராம் நூற்றாண்டு தொடங்கிவிட்டது என்பதை அவர்களே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும்.

குடிமையியலுக்கு வருவோம். அதை வெறும் ஒப்பிக்கும் பாடமாக நடத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 இடங்கள், பெரும்பான்மைக்கு 118. ஏன் 117 இல்லை? சரிபாதி பெரும்பான்மை ஆகாது, பாதியைத் தாண்ட வேண்டும். இது புரிந்த பிள்ளைக்கு மக்களவையின் 543-க்கு 272 தானாக வரும். அப்புறம் அடுத்த கேள்வியைப் போடலாம். அரசியலமைப்புத் திருத்த மசோதா ஒன்று மக்களவையில் வாக்கெடுப்புக்கு வருகிறது. 400 பேர் வந்து வாக்களிக்கிறார்கள், அதில் 267 பேர் ஆதரவு. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது. மசோதா நிறைவேறுமா? நிறைவேறாது. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதாது, அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் வேண்டும். 272-க்கு இன்னும் ஐந்து குறைகிறது. இந்த ஒரு கணக்கைப் போட்ட பிள்ளை, பிரிவு 368 சொல்லும் சிறப்புப் பெரும்பான்மையை மறக்காது. பெரியவர்களாகி செய்தியில் எண்களைக் கேட்கும்போதும் ஏமாறாது.

புவியியலில் எனக்குப் பிடித்தது 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு, இந்தியாவின் நேரத்தைக் கணக்கிடுவது அதை வைத்துத்தான். இந்தியாவின் திட்ட நேரம் 0 பாகையில் இருக்கும் கிரீன்விச்சைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். 82½-ஐ நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதுதான் ஐந்தரை மணி. கரும்பலகையில் அந்த விடை வந்து நிற்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும், அதற்காகவே இந்தப் பாடத்தை நான் அவசரப்படுத்துவதில்லை. குஜராத்துக்கும் அருணாச்சலத்துக்கும் இடையே ஏறக்குறைய 29 பாகை. சூரிய உதயத்தில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வித்தியாசம் எப்படி வருகிறது என்பதை அதற்குப் பிறகு நான் சொல்லவே வேண்டியதில்லை.

தேசப்பட அளவையும் இப்படித்தான். 1:50,000 என்றால் படத்தில் 2 செ.மீ., தரையில் 1 கி.மீ. ஒரு ஸ்கேலும் அட்லஸும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாடம் ஒப்பிக்கச் சொல்லும்போது, கைடை மூடிவிட்டு, "இந்த எண் எப்படி வந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் திட்ட வேண்டாம். எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். கி.மு.வில் நின்றால் குறை எண்கள் புரியவில்லை, பெரும்பான்மையில் நின்றால் பின்னம், தேசப்படத்தில் நின்றால் விகிதம். அதைக் குறித்துக்கொண்டு போய்க் கணித ஆசிரியரிடம் சொல்லுங்கள்.