சீரியலைஸ்டு: தண்டியலங்காரத்துலயே இருக்கிற ஒரு சொல்

1966லேந்து பல தொடரா வந்த அமெரிக்க விண்வெளிக் கதை ஸ்டார் டிரெக், அத பாக்குறவங்க ரெண்டு பேர் ஒன்னா உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல இந்த வார்த்தை வந்துடும். காட்பாடி பக்கம் ஹாஸ்டல் பசங்க பேசிக்கிறது இப்படித்தான் இருக்கும்:

"இன்னா மச்சான், புது டிரெக்கு எப்டிகீது?"

"எங்க மச்சான், ஃபுல்லா சீரியலைஸ்டா பண்ணி வெச்சிகிறானுங்க, நடுவுல ஒரு எபிசோடு தூங்கிட்டேன், அப்புறம் யாரு எதுக்கு அழுவுறாங்கன்னே தெர்ல."

இங்க சீரியலைஸ்டுன்னா என்ன அர்த்தம்னா, ஒரு எபிசோடுல ஆரம்பிச்ச கதை அந்த எபிசோடுலயே முடியாது, சீசன் முழுக்க இழுத்துகினு போவும், நடுவுல நுழைஞ்சா புரியாது. இதுக்கு எதிர்ப்பதம் எபிசோடிக், அதாவது அந்த வாரக் கதை அந்த வாரமே முடிஞ்சிடும். அர்த்தம் இவ்ளோதான், ஆனா ஃபேன்ஸ் வாயில இது இப்ப பாதி திட்டா மாறிடுச்சி, அது ஏன்னு பின்னாடி வரேன்.

மொதல்ல சொல் எங்கேந்து வந்துச்சின்னு பாப்போம். லத்தீன்ல செரெரேன்னு ஒரு வினை, கோக்குறது, சேத்துக் கட்டுறதுன்னு அர்த்தம். அதுலேந்து சீரிஸ், அதாவது வரிசை, சங்கிலி. 19ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல நாவலை மாசாமாசம் துண்டு துண்டா அச்சடிச்சி வித்தாங்க, டிக்கன்ஸோட மொத நாவல் 1836-37ல அப்படித்தான் வந்துச்சி, அந்த மாதிரி எழுத்துக்குத்தான் சீரியல்னு பேரு ஒட்டிச்சி. அப்புறம் ரேடியோ, டிவின்னு மாறி மாறி வந்து இப்ப ஓடிடில நிக்குது.

நம்ம 'தொடர்'ங்கிற சொல்லுக்கும் இதே கதைதான். தொடர்னா இன்னிக்கி நமக்கு டிவி தொடர், பேருந்து தொடர் மறியல்னு தோணும், ஆனா பழைய தமிழ்ல தொடர்னா நேரடியா சங்கிலி. புறநானூறு 74வது பாட்டுல சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில கெடந்துகினு பாடுறாரு இல்ல, அதுல "தொடர்ப்படு ஞமலி"ன்னு வருது, சங்கிலில கட்டிப்போட்ட நாய். ஆக லத்தீன்காரனும் நம்மாளும் ஒருத்தர ஒருத்தர் கேக்காமலே ஒரே எடத்துக்கு வந்திருக்காங்க.

அப்ப சீரியலைஸ்டுன்னா தொடர்னு சொல்லிட்டு போய்க்கினே இருக்கலாமே, இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய விளக்கம்னு கேக்கலாம். பிரச்சினை என்னான்னா தொடர்ங்கிற சொல்லு இப்ப எல்லா டிவி நிகழ்ச்சிக்கும் பொதுவாயிடுச்சி, எபிசோடிக்கா வர்றதும் தொடர்தான், தொடர்ந்து வர்றதும் தொடர்தான். சீரியல்னு தமிழ்ல சொன்னாலோ கேக்கவே வேணாம், ராத்திரி 8 மணிக்கு வீட்டுல ரிமோட்ட புடுங்கிக்கிற விஷயம் அது. இல்லன்னா திருவிழாவுக்கு கோயில் சுத்தி கட்டுற சீரியல் செட்டு. இந்த சீரியல் செட்ட நான் விளையாட்டுக்கு சொல்லல, அதுவும் அதே லத்தீன் சீரிஸ்தான், ஒரே ஒயர்ல வரிசையா கோத்த பல்பு, பழைய செட்டுல ஒரு பல்பு போச்சின்னா மொத்த வரிசையும் அணைஞ்சிடும். சீரியலைஸ்டு டிரெக்கு மேல ஃபேன்ஸ் வெக்கிற குத்தம் அச்சு அசலா இதுதான், கடைசி எபிசோடு சொதப்புனா முன்னாடி பாத்த பன்னெண்டும் சேந்து இருட்டாயிடுது.

சரி, சரியான தமிழ்ச்சொல். தண்டியலங்காரம் இருக்கு இல்ல, வடமொழி காவியாதர்சத்த ஒட்டி எழுதுன அணி நூல், அதுல செய்யுள நாலா பிரிக்கிறாங்க: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. முத்தகம்னா ஒரே பாட்டு, தனியா நின்னு பொருள் முடியும். குளகம்னா பல பாட்டு சேந்து ஒரே வினைய கொண்டு முடியும், அதனால ஒன்ன மட்டும் படிச்சா தொங்கும். தொகைநிலைன்னா புறநானூறு மாதிரி தனித்தனி பாட்ட ஒரு கணக்கு வெச்சி சேத்தது. தொடர்நிலைன்னா ஒன்னோட ஒன்னு தொடர்ந்து போறது, காப்பியம் எல்லாம் இதுலதான் வரும். எபிசோடிக்குக்கும் சீரியலைஸ்டுக்கும் நடுவுல என்னல்லாம் இருக்குன்னு இன்னிக்கி ரசிகனுங்க விடிய விடிய அடிச்சிக்கிறானுங்க, நம்மாளு எப்பவோ நாலு சொல்லு வெச்சி முடிச்சிட்டு போயிட்டாரு.

இத டிரெக்கு மேல வெச்சி பாத்தா சும்மா அப்படியே பொருந்துது. 1966ல ஆரம்பிச்சி 1969ல முடிஞ்ச மொத தொடர், 79 எபிசோடு, கிட்டத்தட்ட மொத்தமும் முத்தகம். அதுக்கு காரணம் கலை மட்டும் இல்ல, பொழப்பு. அப்புறமா உள்ளூர் ஸ்டேஷனுங்க மறுஒளிபரப்பு பண்ணும்போது எத வேணா முன்னாடி பின்னாடி போடுவாங்க, அதுக்கு தனித்தனியா இருந்தாத்தான் வசதி. அந்த 79ல ஒரே ஒரு ரெண்டு பாகக் கதை உண்டு, தீஞ்சிபோன மொகத்தோட சக்கர நாற்காலில உக்காந்திருக்கிற கேப்டன் பைக் கதை, அது குளகம்.

குளகத்துக்கு இன்னும் நல்ல உதாரணம் 1990 ஜூன்ல வந்துச்சி. நெக்ஸ்ட் ஜெனரேஷன்னு இன்னொரு டிரெக் தொடர், அதோட மூணாவது சீசன் கடைசி எபிசோடு, கேப்டன் பிகார்ட போர்க்குங்க, அதாவது பாதி உடம்பு பாதி மெஷினா இருக்கிற எதிரிக் கூட்டம், புடிச்சிகினு போயி பாதி மெஷினா ஆக்கிட்டாங்க, அவரே ஸ்கிரீன்ல வந்து சரணடையுங்கன்னு சொல்றாரு, துணை கேப்டன் ரைக்கர் அவரு இருக்கிற போர்க்கு கப்பல சுடச் சொல்லி உத்தரவு குடுக்குறாரு, அவ்ளோதான், கட்டு. சுட்டாங்களா, பிகார்டு செத்தாரா, ஒன்னும் கெடையாது. எழுவாய் இருக்கு, செயப்படுபொருள் இருக்கு, வினைமுற்று மட்டும் செப்டம்பர்ல வந்துச்சி. மூணு மாசம் ஜனங்க துடிச்சிப்போனாங்க, எழுதுன மைக்கேல் பில்லருக்கே ரெண்டாம் பாகம் எப்படி முடிக்கிறதுன்னு அப்ப தெரியாதாம்.

எனக்கு அந்த ரெண்டு பாகத்த விட அதுக்கு அடுத்த வாரம் வந்த எபிசோடுதான் பெரிசு. சண்டை முடிஞ்சிடுச்சி, பிகார்டு காப்பாத்தப்பட்டாச்சி, பழைய வழக்கப்படி புது கிரகம் புது பிரச்சினைன்னு போயிருக்கணும். போவல. மனுஷன் பிரான்ஸுல இருக்கிற அண்ணன் வீட்டு திராட்சை தோட்டத்துக்கு போறாரு, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேச்சு முத்தி கைகலப்பாகி சேத்துல உருளுறாங்க, மொதல்ல சிரிக்கிறாங்க, சிரிச்சிகினே இருக்கும்போது பிகார்டு ஒடைஞ்சி அழுவுறாரு. விண்வெளி சண்டை ஒன்னு கூட இல்லாத எபிசோடு. தனியா பாத்தாலும் புரியும், முன்னாடி நடந்தது தெரிஞ்சி பாத்தா நெஞ்ச அடைக்கும். முத்தகமும் அதுதான், தொடர்நிலையும் அதுதான்.

டீப் ஸ்பேஸ் நைன்னு அடுத்த டிரெக் தொடர் (1993-1999) இத இன்னும் தள்ளிகினு போச்சி. ஓடும்போது நெறைய ரசிகருங்க அத ஏத்துக்கல, ஒரே விண்வெளி ஸ்டேஷன்ல உக்காந்துகினு இருக்காங்க, இதுல பயணம் எங்கன்னு கேட்டாங்க. 1997ல டொமினியன்ங்கிற எதிரிங்களோட போர் ஆரம்பிக்கும்போது ஆறு எபிசோடு, 1999ல முடிக்கும்போது கடைசி சில வாரம் முழுக்க ஒரே இழுவையில கதை போச்சி, அப்ப இதெல்லாம் டிரெக்ல புதுசு. ஒரு வாரம் விட்டுட்டா திரும்ப பாக்க இன்னிக்கி இருக்கிற வசதியும் கெடையாது. அப்புறம் டிவிடி, ஸ்ட்ரீமிங் வந்து வரிசையா பாக்க முடிஞ்சதும் அதே தொடர தலையில தூக்கி வெச்சி கொண்டாடுறாங்க. தொடர்நிலை புடிக்கலன்னு அன்னிக்கி சொன்னதுல பாதி, தொடர்ந்து பாக்க முடியலங்கிற ஆத்திரம்தான்.

எண்டர்பிரைஸ் தொடரோட மூணாவது சீசன் (2003-04) மொத்தமும் ஒரே கதை, பூமிய தாக்கி 70 லட்சம் பேர கொன்ன ஜிண்டிங்கிற வேத்து கிரகத்து கூட்டத்த தேடிப் போறது. நாலாவது சீசன்ல ரூட்ட மாத்தி ரெண்டு மூணு எபிசோடுக்கு ஒரு கதைன்னு பிரிச்சாங்க, அதாவது குளகம் குளகமா. ரசிகருங்க நல்லா இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்ச நேரத்துல, 2005ல, இழுத்து மூடிட்டாங்க.

சீரியலைஸ்டுங்கிற சொல் திட்டா மாறுனது டிஸ்கவரிங்கிற டிரெக் தொடருக்கு அப்புறம்தான். 2017லேந்து 2024 வரைக்கும் அஞ்சு சீசன், சீசனுக்கு ஒரு மர்மம். மூணாவது சீசன்ல விண்மீன் மண்டலம் முழுக்க கப்பலுங்க ஓடுறதுக்கு வேணுங்கிற டைலித்தியம்ங்கிற படிகம் செத்து கப்பலுங்க வெடிச்சிடுது, ஏன்னு 13 எபிசோடு தேடுறாங்க, கடைசில பாத்தா அம்மா செத்தத பாத்து ஒரு சின்ன புள்ள கத்துன கத்தல்தான் காரணம். இதுக்கா இவ்ளோ நாள் உக்கார வெச்சீங்கன்னு ஒரு கூட்டம் கொதிச்சிடுச்சி, எனக்கு அழுவ வந்துச்சின்னு இன்னொரு கூட்டம். பிகார்டு பேர்லயே வந்த தொடர்ல ரெண்டாவது சீசன இழுவைன்னு திட்டுனவங்களே மூணாவது சீசன் 2023ல வந்தப்ப கொண்டாடுனாங்க, ரெண்டும் பத்து பத்து எபிசோடு, ரெண்டும் சீரியலைஸ்டுதான். அப்ப கோவம் சீரியலைஸ்டு மேல இல்ல.

இந்த எடத்துல தண்டியலங்காரம் இன்னொரு தபா உதவுது. தொடர்நிலைய அதுல ரெண்டா பிரிக்கிறாங்க, பொருள்தொடர்நிலை, சொற்றொடர்நிலை. பொருளால தொடர்றது காப்பியம். சொல்லால தொடர்றது அந்தாதி, ஒரு பாட்டோட முடிவு அடுத்த பாட்டோட ஆரம்பம். ஓடிடில நெறைய தொடரு பொருள்தொடர்நிலை மாதிரி வேஷம் போட்டுகினு வர்ற சொற்றொடர்நிலை, கடைசி நிமிஷத்துல ஒரு கதவு தொறக்கும், யாரோ நிப்பாங்க, அடுத்த எபிசோடு அந்த கதவுலேந்து ஆரம்பிக்கும், நடுவுல இருக்கிற 40 நிமிஷத்துக்கும் சீசன் பொருளுக்கும் சம்பந்தம் இருக்காது. அந்தாதிய மட்டமா சொல்றேன்னு நெனச்சிக்காதீங்க, அபிராமி அந்தாதில 100 பாட்டும் கோத்துதான் இருக்கு, ஆனா எந்த பாட்ட தனியா எடுத்து பாடுனாலும் முழுசா நிக்கும். இவங்க நூல மட்டும் எடுத்துகினாங்க, மணிய விட்டுட்டாங்க. மணியும் நூலும் ரெண்டும் இருக்கிறதுக்கு கோவைன்னு கூட நம்மகிட்ட பேரு உண்டு, திருக்கோவையார்ல 400 பாட்டு, ஒவ்வொன்னும் தனி, வரிசையா படிச்சா ஒரு காதல் கதை. செரெரேக்கு நேர் தமிழ் அதுதான், ஆனா ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் கோவைன்னு சொன்னா கோயம்புத்தூர்ல ஷூட்டிங்கான்னு கேப்பானுங்க.

2022ல வந்த அந்த ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் ரசிகருங்கள கொஞ்சம் சமாதானப்படுத்துனது இதனாலதான். வாரம் ஒரு கதை, அன்னிக்கே முடியும். அடியில மட்டும் ஒரு நூல் ஓடுது: கேப்டன் பைக்குக்கு தனக்கு வரப்போற விபத்து முன்னாடியே தெரியும். 1966 குளகத்துல சக்கர நாற்காலில பாத்தோமே, அதே பைக்கு.

வடாற்காட்டுக்காரங்களுக்கு இது புதுசே இல்ல. வேலூர், ஆரணி, செய்யாறு சுத்துப்பட்டுல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா பகல்ல பிரசங்கியாரு வில்லிபாரதம் சொல்லுவாரு, ராத்திரி கூத்து, நாளுக்கு ஒரு கட்டம், பகாசூரன் வதம், துகிலுரிதல், கீசகன் வதம், கர்ண மோட்சம்னு போயி கடைசி நாள் காலைல துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. முழு தொடர்நிலை. ஆனா அர்ச்சுனன் தபசு அன்னிக்கி பாருங்க, வேஷக்காரரு உசரமான தபசு மரத்துல ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு பாடிகினே ஏறுவாரு, கீழ புள்ள வரம் கேட்டு பொம்பளைங்க ஈரத்துணியோட உக்காந்திருப்பாங்க, மேலேந்து எலுமிச்சம்பழம், பூவு, விபூதின்னு போடுவாரு, முந்தானைய விரிச்சி புடிப்பாங்க. அதுக்கு மட்டுமே வெளியூர்லேந்து வந்துட்டு போறவங்க உண்டு. முன்னாடி நாள் இன்னா கதைன்னு அவங்க கேக்கறது கூட இல்ல. கர்ண மோட்சத்துக்கு ஒப்பாரி வெக்கிறவங்களும் அப்படித்தான், முடிவு தெரிஞ்சேதான் வராங்க, ஸ்பாய்லர்னு ஒருத்தரும் சண்டைக்கு வர்றதில்ல.

மிச்ச சொல்லுங்கள சட்டுனு சொல்லிடுறேன். எபிசோடு கிரேக்கச்சொல், பழைய கிரேக்க நாடகத்துல ரெண்டு கோரஸ் பாட்டுக்கு நடுவுல வர்ற பகுதிக்கு பேரு அது. நமக்கு பகுதின்னாலே போதும், கூத்துக்காரங்க மாதிரி கட்டம்னும் சொல்லலாம். எபிசோடிக்குக்கு தனிநிலை. ரெண்டு மூணு எபிசோடு கதைக்கு குளகம். சீரியலைஸ்டுக்கு தொடர்நிலை. பாதில தொங்க விட்டு முடிக்கிற கிளிஃப்ஹேங்கருக்கு புதுசா ஒன்னும் தேட வேணாம், பொன்னியின் செல்வன் 1950லேந்து கல்கில வந்தப்பவே நம்ம பத்திரிகைங்க ஒரு அடைப்புக்குறிக்குள்ள "தொடரும்"னு போட்டு வேலைய முடிச்சிடுச்சிங்க. ஃபில்லர்னு, அதாவது சும்மா எடத்த நெரப்புற எபிசோடுன்னு, சொல்றதுக்கு எனக்கு மனசு வரல, இப்ப பசங்க தனிநிலை கதை எல்லாத்தையும் ஃபில்லர்னு ஒதுக்குறாங்க, அந்த கணக்குல 1966 டிரெக் மொத்தமும் ஃபில்லர்தான்.

ரீசெட் பட்டன்னு ஒன்னு பாக்கி இருக்கு. வாயேஜர்ங்கிற டிரெக் தொடர் (1995-2001) மேல வெக்கிற பெரிய புகார் அது, இந்த வாரம் கப்பல் பாதி ஒடைஞ்சி ஆளுங்க செத்துகூட போவாங்க, அடுத்த வாரம் ஒன்னுமே நடக்காத மாதிரி பளபளன்னு நிக்கும். இதுக்கு நம்ம பக்கத்து சொல்லே இருக்கு. சில ஊர்ல படுகளத்துல செத்த மாதிரி விழுந்து கெடக்குறவங்கள மஞ்சத்தண்ணி தெளிச்சி எழுப்புவாங்க. அடுத்த தபா வாயேஜர் தொடர்ல கேப்டன் ஜேன்வே கப்பல் புத்தம்புதுசா வந்து நின்னா, படுகளம் எழுப்பிட்டாங்கடான்னு சொல்லிக்கலாம்.