தலைக்கு மேலே பாட்டில், தொடையருகே கிளாஸ்

மாலை நேரம். ஸ்பெயினின் வடகரையில், அஸ்தூரியாஸ் பகுதியில், சைடர் என்ற ஆப்பிள் மது விற்கும் ஒரு கடை. உள்ளூர்க்காரர்கள் அதைச் சிக்ரே என்பார்கள். கடை ஊழியர் பச்சைப் பாட்டிலை வலது கையில் எடுத்து, கையைத் தலைக்கு மேலே முழுசாக நீட்டுகிறார். இடது கையில் வாய் அகன்ற, மெல்லிய கிளாஸ். அது தொடையருகே சற்றுச் சாய்ந்து நிற்கிறது. பாட்டில் சரிகிறது. நூல் போன்ற தாரை ஒரு மீட்டர் உயரம் அந்தரத்தில் இறங்கி, கிளாஸின் உள்விளிம்பில் மோதிச் சிதறுகிறது. சளசளவென்று சத்தம், வெள்ளை நுரை. அதற்குள் கிளாஸ் உங்கள் கைக்கு வந்துவிடும். அடியில் இரண்டு விரல் அளவுதான் இருக்கும். நுரை அடங்குவதற்குள் ஒரே மடக்கில் குடித்துவிட வேண்டும்.

நம் ஊர் டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி சட்டென்று பிடித்துப்போகும். ஆனால் டீ பலமுறை மேலும் கீழும் போய்வரும். சூடு தணியும், பாலும் டிகாஷனும் கலக்கும். சைடர் ஒரே ஒரு முறைதான் விழும். அந்த அரை நொடியில் அதற்குள் நடப்பதை வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் பானத்தின் தயாரிப்பு பீப்பாயில் முடிவதில்லை, கிளாஸில்தான் முடிகிறது என்பது என் எண்ணம். தோட்டத்திலிருந்து தொடங்கிப் பார்த்தால் அது புரியும்.

சைடர் என்பது ஆப்பிள் சாற்றை நொதிக்கவிட்டுச் செய்யும் மதுபானம். ஸ்பானிய மொழியில் சித்ரா. நம் காதுக்கு ஒரு பெண் பெயர் போலவே ஒலிக்கும். அஸ்தூரியாஸின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைத்தொடர், நடுவே அடிக்கடி மழை பெய்யும் பச்சைப் பள்ளத்தாக்குகள். இந்த ஈரத்தில் பெரும்பாலான இடங்களில் திராட்சை சரியாக வராது. ஆப்பிள் செழித்து வரும். ஆனால் இவை கடித்துத் தின்னும் ஆப்பிள்கள் இல்லை. ராஷாவ், ரெகோனா, துரோனா தே திரெசாலி, லிமோன் மோன்தேஸ் என்று ரகங்கள் நீள்கின்றன. சிலவற்றில் புளிப்பு பல்லைக் கூச வைக்கும், சில துவர்க்கும், சில தித்திக்கும். 'அஸ்தூரியாஸ் சைடர்' என்ற பெயர்க்காப்புச் சான்றோடு விற்க அங்கீகரிக்கப்பட்ட ரகங்கள் 76. இங்கிலாந்தின் மேற்குப் பகுதிச் சைடர்களில் கசப்பும் துவர்ப்பும் கொண்ட ஆப்பிள்கள் பேர்போனவை. அஸ்தூரியாஸில் புளிப்பு ஆப்பிள்களுக்குத்தான் முதலிடம். இந்தப் புளிப்புக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது.

இத்தனை ரகங்கள் எங்கிருந்து வந்தன? ஆப்பிளின் மகரந்தம் அதே ரகத்தின் பூவில் விழுந்தால் பொதுவாகக் காய் பிடிப்பதில்லை. வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு புதிய கலப்பு. விதை போட்டால் தாய் மரத்தின் பழம் கிடைக்காது. நூற்றாண்டுகளாக விவசாயிகள் தற்செயலாக முளைத்த மரங்களில் நல்லதைப் பொறுக்கி, அதன் கிளையை ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். ஆக, இன்று நிற்கும் ஒவ்வொரு ரகமும் எப்போதோ ஒருவர் சாப்பிட்டுப் பார்த்து 'இதை விடக்கூடாது' என்று முடிவு செய்ததன் தொடர்ச்சி. வில்யாவிசியோசாவில் இருக்கும் செரிடா என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் இந்த ரகங்களைச் சேகரித்து, தோட்டமாகவே வளர்த்துப் பாதுகாக்கிறது.

இந்த மரங்களுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு வருடம் அள்ளிக் கொடுக்கும், மறுவருடம் கையை விரித்துவிடும். மாமரத்தில் நாம் பார்ப்பதுதான். வளரும் காயிலுள்ள விதைகள் ஜிப்ரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது பக்கத்து மொட்டுகளிடம் 'அடுத்த வருடம் பூக்க வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறது. காய் நிறைந்த கிளை அடுத்த பருவத்தில் வெறும் இலையாக நிற்பது இதனால்தான். சைடர் ஆலைக்காரர்களின் வரவு செலவே இந்த ஹார்மோனைச் சுற்றித்தான் ஓடுகிறது.

அறுவடை அக்டோபரில் தொடங்கி, தாமதமாகப் பழுக்கும் ரகங்களோடு நீளும். பழம் தானாக உதிரும், அல்லது மரத்தை உலுக்கிப் புல்லிலிருந்து பொறுக்குவார்கள். பழுத்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஆப்பிளைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலைத் தடவினால் ஸ்டார்ச் இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். பழுக்கப் பழுக்க ஸ்டார்ச் சர்க்கரையாக மாறுவதால், நடுவிலிருந்து நீலம் விலகி வெள்ளை பரவும். சாற்றை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிருக்கு ஸ்டார்ச்சைத் தின்னத் தெரியாது, சர்க்கரைதான் வேண்டும். அதனால் முழுக்க வெள்ளையாகும் வரை காத்திருப்பது லாபம்.

அப்புறம் ஆலை. அதற்கு அங்கே லியகார் என்று பெயர். பல ஆலைகள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கின்றன. 1925-இல் தொடங்கிய டிரபாங்கோ போன்றவை இன்று பெரிதாக வளர்ந்துவிட்டன. 1890-இல் வில்யாவிசியோசாவில் தொடங்கிய எல் கைத்தேரோ நுரை பொங்கும் இனிப்புச் சைடரை அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேற்றிப் புகழ்பெற்றது. அது வேறு வகை. நாம் பேசுவது 'இயற்கைச் சைடர்' பற்றி. அதில் சர்க்கரை சேர்க்கக் கூடாது, வெளியிலிருந்து வாயு ஏற்றக் கூடாது. ஆல்கஹால் குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும்.

கழுவிய பழத்தை நொறுக்குகிறார்கள். வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது போல, நொறுங்கிய கூழும் காற்று பட்டுச் சிறிது நேரத்தில் செம்பழுப்பாகிவிடும். பழத்தின் ஒரு நொதியும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து துவர்ப்புப் பொருள்களை மாற்றும் வேலை அது. சைடரின் தங்க நிறம் அங்கே தொடங்குகிறது, துவர்ப்பின் கூர்மையும் கொஞ்சம் மழுங்குகிறது. பழைய மர அச்சுகளில் கூழைக் குவித்து மெதுவாக அழுத்துவார்கள். ஓரங்களை வெட்டி மேலே போட்டு, மறுபடி அழுத்துவார்கள். இப்படி இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரப்பட்டு ஒரேயடியாக அழுத்தினால் சாறு வெளியேறும் வழியைக் கூழே அடைத்துக்கொள்ளும். மிஞ்சும் சக்கைக்கு மகாயா என்று பெயர். அது மாட்டுக்குப் போகும்.

சரி, சாறு செஸ்ட்நட் மரப் பீப்பாய்க்குப் போய்விட்டது. பாரம்பரிய முறையில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பழத்தோலிலும், அச்சின் மரத்திலும், பீப்பாயின் இடுக்குகளிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. முதலில் கிளம்புவது ஹான்சீனியாஸ்போரா என்ற காட்டு ஈஸ்ட். பழவாசனை தரும் எஸ்டர்களை அது நிறைய உண்டாக்கும். ஆனால் ஆல்கஹால் ஏற ஏற அதற்குத் தாங்காது. அடுத்து சாக்கரோமைசிஸ் வகை ஈஸ்ட் பொறுப்பேற்று மிச்சச் சர்க்கரையைத் தின்று தீர்க்கும். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் கூடும். ஆப்பிள் சாற்றில் ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் குறைவு. போதாததற்குக் குளிர்காலம். ஆகவே நொதித்தல் வாரக்கணக்கில் நிதானமாக நடக்கிறது. இந்த நிதானம் நல்லதுக்குத்தான். சூடேறிக் கொதித்தால் வாசனையெல்லாம் கரியமில வாயுவோடு பறந்துவிடும்.

ஈஸ்ட் ஓய்ந்த பிறகு, சில சமயம் அது ஓய்வதற்கு முன்பே, பாக்டீரியாவின் முறை வருகிறது. ஆப்பிளின் புளிப்பு பெரும்பாலும் மாலிக் அமிலம். ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா அதை லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரில் இருக்கும் மென்மையான புளிப்பாக மாற்றுகிறது. கூடவே கரியமில வாயுவும் வெளிப்படும். 1995 வரை இந்த நுண்ணுயிர் லூக்கோநாஸ்டாக் என்ற பேரினத்தில் இருந்தது. இட்லி மாவைப் பொங்க வைக்கும் லூக்கோநாஸ்டாக்கின் நெருங்கிய சொந்தம் அது. அஸ்தூரியாஸின் பீப்பாயிலும் நம் வீட்டு மாவுச் சட்டியிலும் ஒரே வம்சத்தின் வேலை நடப்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

முன்பு சொன்ன புளிப்பு ஆப்பிளின் வேலை இங்கேதான். சாற்றில் அமிலம் அதிகமிருந்தால் கெடுக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் தலையெடுக்காது. அமிலம் குறைந்துபோனால் வரும் சிக்கல்களில் ஒன்று வினோதமானது. சில லாக்டிக் பாக்டீரியாக்கள் சர்க்கரை மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாகக் கோத்து விடும். சைடர் எண்ணெய் போலக் கொழகொழப்பாகிவிடும். கெடுதல் இல்லை, ருசியும் பெரிதாக மாறாது. ஆனால் ஊற்றும்போது சத்தமில்லாமல் வழுக்கி இறங்கும், மோதி உடையாது. பழகிய காது தாரையின் ஒலியை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடும்.

குளிர்காலத்தில் மண்டியைப் பீப்பாயின் அடியில் விட்டுவிட்டு, தெளிவை வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். இதைத் தேய்பிறையில் செய்ய வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. நிலவைவிடக் குளிருக்கு இதில் பங்கு அதிகம் என்பேன். குளிர்ந்த திரவம் வாயுவை இறுகப் பிடித்துக்கொள்ளும், குமிழி எழுந்து மண்டியைக் கலக்காது. பீப்பாயைத் திறந்து ருசி பார்க்கும் எஸ்பிச்சா விருந்துகளும் உண்டு. பீப்பாயின் முகப்பில் சிறு துளையிலிருக்கும் மர முளையைப் பிடுங்கினால் சைடர் தொலைவுக்குப் பீய்ச்சும், எட்டி நின்று கிளாஸில் பிடிக்க வேண்டும். அவித்த முட்டை, ஆம்லெட், கப்ராலெஸ் சீஸ் எல்லாம் கூடவே வரும். வடிகட்டாமலே பாட்டிலில் அடைக்கும் சைடரின் அடியில் லேசான மண்டி தங்கியிருக்கும். தடித்த பச்சைக் கண்ணாடியாலான அந்தப் பாட்டில்களின் வடிவம் எல்லா ஆலைக்கும் பொது. காலிப் பாட்டில்கள் கழுவப்பட்டு மறுபடி மறுபடி வலம் வருகின்றன.

இப்போது பாட்டிலில் இருப்பது எப்படிப்பட்டது? சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. கொஞ்சம் கரியமில வாயு கரைந்திருக்கிறது, ஆனால் குமிழி தெரியாது. வாசனைப் பொருள்கள் திரவத்துக்குள் உறங்குகின்றன. காட்டு நுண்ணுயிர்களின் உழைப்பால் வினிகரின் அமிலமும் லேசாகத் தலைகாட்டும். சாதாரணமாகக் கிளாஸில் சாய்த்துக் குடித்தால் தட்டையாக, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு இருக்கும்.

உயரத்திலிருந்து ஊற்றிப் பாருங்கள். ஒரு மீட்டர் விழுந்த திரவம் நொடிக்கு சுமார் 4.4 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டரில் மோதுகிறது. கரைந்த வாயு தானாகக் குமிழியாவது கடினம், ஒட்டிக்கொள்ள ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். மோதலில் உள்ளே மாட்டும் நுண்ணிய காற்றுத் துளிகள் அந்தப் புள்ளிகளாகின்றன. கரியமில வாயு அவற்றுக்குள் பாய்கிறது, ஆயிரமாயிரம் சின்னக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கின்றன. வெடிக்கும்போது வாசனையை மூக்குக்கு நேராகத் தூவுகின்றன. நாக்கில் படும் சுறுசுறுப்பு புளிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. கிளாஸின் உள்சுவரில் அடிப்பதும் காரணத்தோடுதான்: மெல்லிய கண்ணாடியில் தாரை விரிந்து, காற்றோடு தொடும் பரப்பு பெருகுகிறது.

ஆனால் இந்த வாயு மிகக் கொஞ்சம். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். அதனால்தான் கிளாஸை நிரப்புவதில்லை. குலின் எனப்படும் அந்தச் சிறிய அளவு மட்டும், குடிக்கும் நேரத்துக்கு மட்டும். பாட்டில் முழுவதும் இப்படித்தான், ஒவ்வொரு தடவையும் கை தலைக்கு மேலே போக வேண்டும். நல்ல சைடரின் நுரை எழுந்தவுடன் அடங்கிவிடும். குடித்த பிறகு கிளாஸ் சுவரில் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் இவ்விரண்டையும் கவனித்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வார்கள். இந்தச் சைடர் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

குடிப்பவர் கடைசி ஒரு வாயை மிச்சம் வைப்பார். உதடு பட்ட ஓரத்தின் வழியாகவே அதைத் தரையில் சாய்த்துவிடுவார். ஒரே கிளாஸ் ஒரு கூட்டத்துக்கே சுற்றி வந்த வழக்கத்தில், அந்த ஓரம் இப்படித்தான் கழுவப்பட்டது. கீழே தூவியிருக்கும் மரத்தூள் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஊழியர் கிளாஸை வாங்கிக்கொண்டு அடுத்தவரைப் பார்க்கிறார், பாட்டில் மறுபடி மேலே போகிறது.