மேடு பள்ளம் நிரவும் சொல்

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாற்று நடுவதற்கு முன் சேற்று வயலில் பரம்படிப்பார்கள். உழுதபோது கிளம்பிய கட்டிகள் உடைந்து, மேடு பள்ளம் நிரவி, வரப்புக்கு வரப்பு தண்ணீர் ஒரே மட்டமாக நிற்கும். ‘எக்ஸ்பிளெயின்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பதும் இந்த வேலைதான்.

லத்தீனில் ‘பிளானுஸ்’ என்றால் சமதளம். ‘எக்ஸ்பிளானாரே’ என்றால் சமப்படுத்துவது. கரடுமுரடான பேச்சை நிரவுவதற்கும் ரோமானியர்கள் அதையே சொன்னார்கள். 15-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. பிளெயின் சேலை என்கிறோமே, அந்தப் பிளெயினுக்கும் இதே வேர்தான். சென்னைக் கோட்டைக்கு எதிரே இருக்கும் எஸ்பிளனேடு இன்னும் நெருங்கிய சொந்தம். கோட்டைக்கு முன்னால் மறைப்பில்லாமல் விட்ட சமவெளிக்கு அந்தப் பெயர். எக்ஸ்பிளானாரேதான் இத்தாலி, பிரான்ஸ் என்று சுற்றி அப்படி வந்து சேர்ந்தது.

ஆபீஸில் ‘எக்ஸ்பிளனேஷன்’ கேட்டால் யாரும் பாடம் நடத்துவதில்லை. செய்ததற்குக் காரணம் எழுதிக் கொடுக்கிறோம். புரியவைப்பது, காரணம் சொல்வது இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.

சரி, தமிழ் என்ன செய்கிறது? விளங்கு என்றால் ஒளிர். விளக்கு என்றால் ஒளிரச் செய். பல்லை விளக்குகிறோம், பாத்திரத்தை விளக்குகிறோம், பாட்டுக்குப் பொருளும் விளக்குகிறோம். கார்த்திகைக்கு முன் அம்மாயி பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். கறுப்புத் தண்ணீர் வழிய வழிய, முதலில் ஒரு விரலகலம் மஞ்சள் தெரியும், அப்புறம் தண்டு முழுக்க. லத்தீன் பொருளையே தட்டி மட்டமாக்குகிறது. தமிழ் அழுக்கை மட்டும் எடுக்கிறது. எனக்கு நம்முடையதுதான் சரியாகப் படுகிறது. புரியாத பாட்டில் ஒரு எழுத்தைக்கூட நாம் மாற்றுவதில்லையே.

ஆனால் மொழி எல்லை தாண்டினால் இந்தச் சொல்லுக்கு வேறு வேலையும் உண்டு. மலையாளத்தில் ‘விளக்குக’ என்றால் உலோகத்தைப் பற்றவைப்பதும்தான். கல்யாணமாகி உடுமலையிலிருந்து வந்த புதிதில் அம்மா, அறுந்த கொலுசைப் பக்கத்துச் சித்தூரில் ஒரு நகை ஆசாரியிடம் கொண்டுபோயிருக்கிறார். “இது விளக்கணம்” என்றாராம் அவர்.

“வெளக்கறத நானே புளி போட்டு வெளக்கிக்கறேனுங்க. நீங்க ஒட்ட வெச்சுக் குடுங்க.”

ஆசாரி ஒன்றும் சொல்லாமல் ஊதுகுழலை எடுத்து, அறுந்த வளையத்தில் பொடி வைத்து ஊதினாராம்.