ஈறுக்குள் வைக்கும் மருந்துச் சிப்

"வழக்கமா போடுற மாத்திரையையே எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர்" என்று சொல்லிக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தார். 55 வயது, சர்க்கரை உண்டு. கடைவாய் ஈறு வீங்கும்போதெல்லாம் மெடிக்கலில் அமாக்ஸிசிலின் வாங்கி மூன்று நாள் போடுவாராம். வீக்கம் வடியும், இரண்டு மாதத்தில் திரும்ப வரும்.

அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கினேன். நல்ல ஈறில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. அவருக்கு ஓரிடத்தில் 7 வரை போனது. நாங்கள் இதைப் பாக்கெட் என்போம். பிரஷ் அங்கே எட்டாது. வாய் கொப்பளிக்கும் மருந்தும் வாசலோடு திரும்பிவிடும். மாத்திரையோ உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வரும். வேரில் படலமாக ஒட்டியிருக்கும் கிருமிக்கு அது போதாது.

சரி, மருந்தை நேராக உள்ளேயே விட்டால்? நிற்காது. ஈறிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். 5 மில்லிமீட்டர் பாக்கெட்டில் அந்த நீர் மணிக்குச் சுமார் 40 தடவை மாறுவதாகக் கணக்கு. மருந்தைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடும் பாலிமர் அதற்காகத்தான் வந்தது. 1979-இல் அமெரிக்காவில் குட்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அடைத்த செல்லுலோஸ் அசிடேட் இழையை வைத்துப் பார்த்தார்கள். பின்னால் வந்த இழைகள் கரையாதவை, 10 நாள் கழித்து எடுக்க வேண்டும். இப்போது தானாகக் கரையும் தையல் நூலின் வகைப் பாலிமரிலேயே மருந்துத் துகள்கள் வந்துவிட்டன.

நான் அதிகம் கையாள்வது சிப். நகத்துணுக்கு அளவு, 4-க்கு 5 மில்லிமீட்டர். அதில் 2.5 மில்லிகிராம் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிக்கொல்லி, ஒரு வாரம் பத்து நாள் கசியும். ஈரம் பட்டால் சிப் துவண்டுவிடும். அதனால் இடத்தைக் காயவைத்து, இடுக்கியால் பிடித்து ஒரே மூச்சில் இறக்க வேண்டும். அப்புறம் பத்து நாள் அந்த இடத்தில் நூல் விட்டுச் சுத்தம் செய்யக் கூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பல்லில் படிந்த காரையைச் சுரண்டாமல் சிப் மட்டும் வைப்பது வீண் செலவு. சுரண்டிய பிறகு வைத்தாலும் கூடுதலாகக் குறையும் ஆழம் சராசரியில் அரை மில்லிமீட்டருக்கும் கீழேதான். சுத்தம் செய்தும் அடங்காத ஓரிரு இடங்களுக்கு மட்டுமே நான் யோசிப்பேன். வாய் முழுக்கப் பாக்கெட் இருப்பவருக்கு இது வழியல்ல.

அவருக்கு முதலில் ஆழமான க்ளீனிங், கூடவே சர்க்கரைக் கட்டுப்பாடு. ஆறு வாரத்தில் மற்ற இடங்கள் தேறின, அந்த ஒரு இடம் மட்டும் 6-இலேயே நின்றது. அங்கே வைக்கச் சிப்பைக் கையில் எடுத்தேன்.

"இது எதுல செஞ்சது டாக்டர்?"

சென்னையில் தயாராவது, மீன் கொலாஜன் என்றேன். "நான் சுத்த சைவமாச்சே!" என்று வாயை மூடிக்கொண்டார். ஜெலட்டின் சிப்பும் விலங்கிலிருந்து வருவதுதான், அவருக்கு ஆகாது. கடைசியில் அதே மருந்தைச் சாந்தன் கோந்தில் கலந்த ஜெல்லாக வைத்தேன். அந்தக் கோந்தைச் சர்க்கரையிலிருந்து உண்டாக்குவது பாக்டீரியாதான். அதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.